செப் நான்கை அழைப்பது எது?

என் கணவர் இறந்து ஒன்பதாவது மாதம், அவர் வேலை பார்த்த இடத்திலேயே எனக்கும் வேலை கிடைத்தது. அவர் நிலக்கரிச் சுரங்கத்தில், கரியை ஏற்றிவரும் கன்வேயர் பிரிவில் இருந்தார். முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய், பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. அந்த வழியில் எனக்குக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு முன் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருந்தேன். பதினேழு வருடமாக அதைத் தொட்டதில்லை. சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் பிரிவில் போட்டுவிட்டார்கள்.

சந்தோஷமா வருத்தமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் இரண்டும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால் என் மகள் முகத்தைச் சுளிப்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலையில் எழுந்தேன், சமைத்தேன், அவளை ஸ்கூலுக்கு அனுப்பினேன், குவார்ட்டர்ஸைப் பூட்டிக்கொண்டு ஆபீஸுக்கு நடந்தேன். வழியில் யார் விசாரித்தாலும் "நல்லா இருக்கோங்க" என்றேன். அப்படிச் சொல்வதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

பிரிவில் எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் திருச்சிப் பக்கத்துக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் வைத்திருந்தவர். என்னிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. முதல் வாரம் முழுக்க என் மேஜைக்கு நாளிதழ் அனுப்பிவைத்தார். இரண்டாவது வாரம் ஒரு வேலையோடு வந்தார்.

"இந்தப் பழைய மெஷினை எடுக்கப் போறாங்கம்மா. சென்னையிலேர்ந்து ஒரு டீம் எல்லாத்தையும் புதுசா எழுதுது. பழைய புரோகிராம்ல எது வேணும், எது வேணாம்னு நம்மகிட்ட லிஸ்ட் கேக்கறாங்க. ஒவ்வொண்ணையும் வேற எந்தெந்தப் புரோகிராம் கூப்பிடுதுன்னு பாத்து எழுதணும். எதுவுமே கூப்பிடலைன்னா அந்த வரிக்கு மஞ்சள் அடிச்சிடுங்க. அதை அவங்க விட்டுடுவாங்க."

"எத்தனை சார் இருக்கும்?"

"ஆயிரத்துச் சொச்சம்" என்றார். பிறகு, மன்னிப்புக் கேட்பதுபோல, "அவசரமில்ல, மெதுவா பாருங்க" என்றார்.

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினில் இருந்த புரோகிராம்களை முப்பது நாற்பது வருடங்களாகப் பலர் எழுதியிருந்தார்கள். ஊழியர் பட்டியல், ஷிப்ட், குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, பஸ் பாஸ் என்று எல்லாம் அதில்தான் ஓடியது. ஒரு புரோகிராம் தன் வேலையின் நடுவில் இன்னொன்றைப் பெயர் சொல்லி அழைக்கும். அது தன் பங்கை முடித்துக் கொடுத்ததும் இது விட்ட இடத்திலிருந்து தொடரும். எது எதை அழைக்கிறது என்று எழுதிவைத்த ஏடு எதுவும் இல்லை. எழுதியவர்கள் ஓய்வு பெற்று அவரவர் ஊருக்குப் போய்விட்டார்கள். சிலர் உயிரோடும் இல்லை. ஆகவே ஒரு புரோகிராமின் பெயரை எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றின் எழுத்துக்குள்ளும் அந்தப் பெயர் எங்கே வருகிறது என்று மெஷினைத் தேடச் சொல்ல வேண்டும். வந்த இடத்தைத் திறந்து, அது உண்மையிலேயே அழைப்புதானா அல்லது யாரோ எழுதிவைத்த வெறும் குறிப்பா என்று பார்க்க வேண்டும். பார்த்ததை அட்டவணையில் எழுத வேண்டும். அப்புறம் அடுத்த பெயர்.

மற்றவர்கள் இதை யாருக்குத் தள்ளலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த வேலை. எனக்குப் பொருத்தமாக இருந்தது. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் நினைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு எட்டு, பத்து முடியும். எண்ணெய் தேய்த்ததுபோல நாட்கள் வழுக்கிக்கொண்டு போயின. மத்தியானம் சுரங்கத்தில் வெடி வைத்தால் ஜன்னல் கண்ணாடி லேசாக அதிரும். அப்போது மட்டும் மணி பார்ப்பேன்.

என்னோடு சாப்பிட உட்கார்ந்தது ஒரே ஒரு பெண். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் என்னை அக்கா என்றாள். பதினான்கு வருடமாக காண்ட்ராக்டில் இருந்தாள். பிரின்டரிலிருந்து வரும் தாள்களைப் பிரித்து, அடுக்கி, எந்தெந்த ஆபீஸுக்கோ அங்கே அனுப்புவது அவள் வேலை. என் வீட்டு விஷயத்தை அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பலாக்கொட்டைப் பொரியல் கொண்டுவந்தால் பாதியை என் டப்பாவில் தள்ளிவிட்டு, தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள்.

நான்காவது மாதத்தில் 'செப்' என்று தொடங்கும் ஐந்து புரோகிராம்களுக்கு வந்தேன். செபரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்து அது. ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் பிரிவதைப் பற்றியவை. செப் ஒன்று, செப் இரண்டு என்று ஐந்துவரை போனது. ஐந்து பெயர்களையும் தேடினேன். எங்குமே வரவில்லை. எதுவும் அவற்றை அழைக்கவில்லை.

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"அதெல்லாம் ரொம்பப் பழசும்மா. நான் வர்றதுக்கு முன்னாடி எழுதினது. அப்புறம் வேற ஏதாவது வந்திருக்கும். மஞ்சள் அடிச்சிடுங்க" என்றார்.

அடித்தேன். ஐந்து வரியும் மஞ்சளாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை அதுவரை முடித்த பட்டியல் சென்னைக்குப் போக வேண்டும். மஞ்சள் வரிகளுக்கு மட்டும், அந்தப் புரோகிராம் என்ன செய்தது என்று ஒரே ஒரு வரி எழுதிச் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அதற்காக வியாழக்கிழமை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். செப் ஒன்று ஓய்வு பெறுபவர்களுக்கானது. இரண்டு ராஜினாமா. மூன்று வேறு இடத்துக்கு மாறிப் போகிறவர்களுக்கு. நான்கைத் திறந்தேன். தலைப்பில் மரணம் என்று இருந்தது. பணியில் இருக்கும்போது இறந்தவர்கள்.

அதையும் மற்றதைப் படிப்பதுபோலத்தான் படித்தேன். கேட் பாஸை முடக்கு. ஷிப்ட் பட்டியலிலிருந்து எண்ணை எடு. பஸ் பாஸை நிறுத்து. குவார்ட்டர்ஸ் பதிவில் குறி போடு. குடும்பத்தின் கம்பெனி ஆஸ்பத்திரிப் புத்தகத்தை மனைவி அல்லது கணவர் பெயருக்கு மாற்று. கடைசியில் குடும்பத்துக்கு ஒரு கடிதம் அச்சிடு. கடிதத்தின் வாசகம் அங்கேயே இருந்தது. ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், ஆறு வரி. நான்காவது வரியில் பெற்றுக்கொள்ளவும் என்பதற்கான 'ரிசீவ்' என்ற சொல் இருந்தது. அதில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன.

அந்தக் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப் போன வாரம் தபாலில் வந்தது. நான் அதைப் பிரித்து, படிக்காமல் டிவி மேல் வைத்துவிட்டேன். என் மகள்தான் எடுத்துப் படித்தாள். "அம்மா, இதுல ரிசீவ் ஸ்பெல்லிங் தப்பு. நான் இப்படி எழுதுனா மிஸ் மார்க்கைக் குறைப்பாங்க" என்றாள். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல என்னைப் பார்த்தாள். நான் "ம்" என்றேன். அதில் அவர் பெயர் இல்லை, ஊழியர் எண்தான் இருந்தது என்பதும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு கணக்குதான். இந்தக் கடிதம் போன வருடம் என் வீட்டுக்கு வந்தது. அப்படியானால் இந்தப் புரோகிராம் போன வருடம் ஓடியிருக்கிறது. ஓடியிருந்தால் ஏதோ ஒன்று இதை அழைத்திருக்க வேண்டும்.

பிரின்டர் அறைக்குப் போனேன். முத்தாண்டிக்குப்பத்துக்காரி தரையில் உட்கார்ந்து தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"ஊழியர் இறந்துட்டா குடும்பத்துக்கு ஒரு லெட்டர் போகுமே, அது இன்னும் வருதா?" என்று கேட்டேன்.

அவள் கை நின்றது. "எந்த லெட்டருக்கா?"

"ஆறு வரி இருக்கும். ஆஸ்பத்திரிப் புஸ்தகம் வந்து வாங்கிக்கங்கன்னு."

"வருதுக்கா. வாரத்துக்கு ஒண்ணு, சில வாரம் ரெண்டு. வராத வாரமும் உண்டு. நான்தான் மடிச்சிக் கவர்ல போட்றேன்." தாளைக் கீழே வைத்தாள். "உங்க வூட்டுக்கு வந்ததும் நான் மடிச்சதுதான்" என்றாள்.

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அப்ப உங்கள யாருன்னு எனக்குத் தெரியாதுக்கா. கவர் மேல உங்க பேரும் குவார்ட்டர்ஸ் பிளாக்கும் பாத்தேன், மடிச்சிட்டேன். நீங்க இங்க வேலைக்கு வந்த அன்னிக்கு ரிஜிஸ்டர்ல பேரப் பாத்ததும் ஞாபகம் வந்துச்சு. சொல்லலாமா வாணாமான்னு இத்தினி நாளு நெனச்சிகினே இருந்தேன்."

"பரவால்ல" என்றேன். "இப்ப சொன்னதுதான் நல்லது. இது வருதான்னு எனக்குத் தெரியணும்."

என் மேஜைக்கு வந்து, ஓடிய புரோகிராம்களின் பதிவைத் திறந்தேன். எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த ஊழியர் எண்ணுக்காக எது ஓடியது என்று அதில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு வைத்திருப்பார்கள். தேடுவதற்கு ஓர் ஊழியர் எண் வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றுதான். அதை அடித்தேன்.

காலை பதினொன்று இருபதுக்கு ஓடியிருந்தது. அவர் இறந்த பன்னிரண்டாம் நாள். ஆரம்பித்த நேரமும் முடிந்த நேரமும் ஒரே நொடி. அன்று காலை பதினொன்று இருபதுக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அதற்கு முந்தைய வரியில், ஊழியர் பதிவை மூடுகிற பெரிய புரோகிராம் ஓடியிருந்தது. அதுதான் அழைத்திருக்க வேண்டும். ஆனால் அதன் எழுத்துக்குள் செப் நான்கு என்ற பெயரை நான் ஏற்கெனவே தேடியிருந்தேன். இல்லை.

தேடலை நம்பாமல், வரி வரியாகப் படித்தேன். அது நீளமான புரோகிராம். பலர் கை பட்டது. டீ வந்தது, ஆறிப்போயிற்று. ஏறக்குறைய இரண்டாயிரமாவது வரியில் அது இருந்தது. ஒரு காலி இடத்தை எடுத்துக்கொண்டு, அதன் முன்பாதியில் 'செப்' என்ற மூன்று எழுத்தைப் போடுகிறார்கள். பிரிவதற்கான காரண எண் ஊழியர் பதிவில் இருக்கிறது. அதைப் பின்பாதியில் ஒட்டுகிறார்கள். ஓய்வுக்கு ஒன்று, மரணத்துக்கு நான்கு. ஒட்டி வந்த பெயரை அழைக்கிறார்கள். முழுப் பெயர் எந்த வரியிலும் எழுதப்படவே இல்லை. ஒருவர் இறந்து, அவர் பதிவில் நான்கு என்று விழும்போதுதான் அந்தப் பெயரே உண்டாகிறது. முழுப் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

நான் அடித்த மஞ்சளோடு பட்டியல் போயிருந்தால், புது மெஷினில் செப் நான்கு இருந்திருக்காது. இறந்தவரின் எண்ணோடு சேர்ந்து அவர் வீட்டாரின் பெயர்களும் ஆஸ்பத்திரிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். ஏதோ ஒரு பிளாக்கில் ஒருத்தி காய்ச்சலுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், கவுன்டரில் உங்கள் பெயர் இல்லை என்ற பதிலோடு நின்றிருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரிந்ததே தவிர, நெஞ்சு பதறவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படித்தான் இருந்தது.

அதிகாரியிடம் போனேன். "சார், லிஸ்ட் நாளைக்குப் போக வேணாம்."

"ஏம்மா? சென்னைக்குச் சொல்லிட்டேனே."

"செப் புரோகிராம் அஞ்சுமே உயிரோட இருக்கு சார். பேரை ரெண்டு துண்டா ஒட்டிக் கூப்பிடறாங்க. இது மாதிரி இன்னும் எத்தனை இருக்கோ. அடிச்ச மஞ்சள் எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்."

அவருக்கு எரிச்சல்தான். "நாலு மாச வேலையம்மா அது" என்றார். "எப்படித் தெரியும் உங்களுக்கு, உயிரோட இருக்குன்னு?"

"எங்க வீட்டுக்காரருக்கு ஓடியிருக்கு சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே, "வேற யாரையாவது பாக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். நானே பாத்துடறேன்."

இந்தத் தடவை பெயர்களைத் தேடவில்லை. அழைப்பு என்ற சொல்லையே தேடினேன். அழைக்கும் இடத்தில் நேரடியாக ஒரு பெயர் இருந்தால் விட்டுவிட்டேன். காலி இடம் ஒன்று இருந்தால், அதற்குள் என்னென்ன வந்து விழக்கூடும் என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். அதற்கு மேலும் மூன்று வாரம் ஆயிற்று. மஞ்சளில் நாற்பதுக்கு மேல் வெள்ளையாக மாறின. அதிகாரி பிறகு அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சென்னைக்கு அனுப்பிய கடிதத்தில் மட்டும் என் பெயரைப் போட்டிருந்தார்.

அடுத்த வருடம் புதிதாக எழுதியதைச் சோதித்துப் பார்க்கும் வேலை வந்தது. சென்னை டீமில் ஒரு பெண் தினமும் போனில் பேசுவாள். கலகலப்பானவள். செப் நான்குக்குப் பதிலாக அவர்கள் எழுதியதைச் சோதிக்கும் நாளன்று, "மேடம், ஒரு சாம்பிள் நம்பர் குடுங்களேன். பழைய மெஷின்ல என்னென்ன நடந்துச்சுன்னு உங்களுக்கு முழுசா தெரிஞ்ச கேஸா இருந்தா நல்லா இருக்கும். கம்பேர் பண்ணிக்கலாம்" என்றாள்.

முழுசாகத் தெரிந்த கேஸ் ஒன்றுதான் இருந்தது. எண்ணைச் சொன்னேன்.

சோதனை மெஷினில் முதலில் அந்த எண்ணைப் பணியில் இருக்கிறார் என்று மாற்றிவைப்பார்கள். பிறகு காரணம் நான்கு என்று போட்டு ஓட்டுவார்கள். முதல் நாள் ஷிப்ட் பட்டியலில் எண் அப்படியே நின்றுவிட்டது. "ஃபெயில் மேடம், திரும்ப ஆக்டிவ் பண்றேன்" என்றாள். சரிசெய்து மறுபடியும் ஓட்டினாள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் மகளின் பெயர் விட்டுப்போயிற்று. அதற்காக நான்கு தடவை ஓட்டினாள். ஒவ்வொரு தடவையும் பதிவில் அவர் பணியில் இருந்தார், கேட் பாஸ் இருந்தது, முதல் ஷிப்ட் இருந்தது. பிறகு வரிசையாக ஒவ்வொன்றாக இல்லாமல் போயிற்று. நான் பக்கத்தில் பழைய பதிவை வைத்துக்கொண்டு, சரி, தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரல் சாதாரணமாகவே இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாம் பொருந்தியது.

"பாஸ் மேடம்!" என்றாள். "லெட்டர் வாசகத்துல ஏதாவது மாத்தணுமா?"

"ரிசீவ் ஸ்பெல்லிங் தப்பு. ஈ முன்னாடி, ஐ பின்னாடி வரணும்."

"அட, ஆமா. வேற?"

"நம்பரோட இறந்தவர் பேரையும் போடுங்க."

"ஓகே. இந்த டெஸ்ட் நம்பரை இப்ப எடுத்துடலாமா?"

"எடுத்துடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் பிரின்டர் அறையில் முத்தாண்டிக்குப்பத்துக்காரி கிளம்பத் தயாராகப் பையை மாட்டிக்கொண்டிருந்தாள். கடிதங்கள் இனிமேல் போனுக்கே போகும் என்பதால் அந்த அறையை மூடப் போகிறார்கள் என்று அன்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து ஸ்டோர்ஸில் வேலை. நான் அவளிடம் சோதனையைப் பற்றிச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"மூணு நாளா இதத்தான் பண்ணிகினு இருந்தீங்களா?" என்றாள். "அந்த நம்பர ஏன்கா குடுத்தீங்க? வேற நம்பரே கெடைக்கலியா உங்களுக்கு?"

"தெரிஞ்சது அதுதான்."

"தெரிஞ்சா? தெரிஞ்சா குடுத்துடுவீங்களா?" அவளுக்குக் கோபம் வந்திருந்தது. கண் கலங்கியிருந்தது. "எத்தினி தடவ ஓட்டுனாங்க?"

"ஏழு."

அவள் பையைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் கார்பன் மை ஒட்டியிருந்தது. சூடாக இருந்தது. அவளுக்கு பஸ் போய்விடும் என்று நான்தான் நினைவுபடுத்தி அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. மகள் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் சும்மா சாய்ந்தேன். அவர் போனதிலிருந்து எனக்குத் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்று சாய்ந்ததுதான் தெரியும். கண் விழித்தபோது ஜன்னலில் காலை வெயில். புடவைகூட மாற்றவில்லை. என் மேல் போர்வை போட்டிருந்தது. மகள் யூனிஃபார்மில், பின்னலை முடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு டப்பாவிலும் சாப்பாடு கட்டியிருந்தாள்.

"ஏண்டி எழுப்பல?" என்று கேட்டேன்.

"நீ தூங்கினம்மா" என்றாள். "அதான்."